பொட்டு வைத்த எஞ்சின்

கட்கி, புனே
10-10-1989

அன்புள்ள விச்சு அண்ணாவுக்கு,

ருக்மிணியின் நமஸ்காரம். இவரும் நானும் சௌக்கியம். மன்னிக்கு முழங்கால் வலி தேவலையா என்று எழுதவும். உன் வண்டிதான் சௌக்கியமில்லை. அதைச் சொல்லத்தான் விஜயதசமியும் அதுவுமாக, சாயங்காலக் காபியைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அனுப்பிய செம்பூர் அனந்தராமன் இன்று காலை மனைவியோடு வந்தார், வண்டியை வாங்காமலே போய்விட்டார். அவர் எழுதுவதற்குள் நான் எழுதிவிடுவது நல்லது. மெட்ராஸுக்கு மாற்றலாகிப் போகும்போது, "ஓட்டிண்டிரு, ஆள் கெடச்சா சொல்றேன்" என்று நீ மாருதியின் சாவியைக் கொடுத்து இரண்டரை வருஷம் ஆகிறது. நாற்பத்து மூன்று வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, தினமும் நிக்டி காலேஜுக்கு அதில்தான் போய்வருகிறேன். அதற்கு முன் இரண்டு பஸ் மாறிப் போய், முதல் பீரியடில் பாதி நாள் புடவை மடிப்பை நீவிக்கொண்டே பாடம் நடத்தியது உனக்குத் தெரியும். ஆள் கிடைத்துவிட்டது என்ற உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஷெட்டுக்குப் போய் வண்டிக்குள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இவர், "ஒங்க அண்ணா வண்டி, அவர் விக்கறார், குடுக்க வேண்டியதுதானே" என்றார். ஆமாம் என்றேன்.

கொடுப்பதை நன்றாகக் கொடுப்போமே என்று சனிக்கிழமை ஜக்தாப்பைக் கூப்பிட்டேன். பின் தெருவில் இருக்கிறார், ராணுவ ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் லாரி பார்த்து ரிட்டயர் ஆனவர். எஞ்சின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே ஓடுகிற டைமிங் பெல்ட்டைக் காட்டினார். லாரியில் அந்த இடத்தில் இரும்புச் சங்கிலி இருக்குமாம், இந்தப் புதுக் காலத்து வண்டியில் பல் வைத்த ரப்பர் பட்டை. அதன் விளிம்பெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. "வைனி, இது அறுந்தா வண்டி நடுரோட்டுல படுத்துடும். தொண்ணூத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஒங்க அண்ணன் எப்பவோ மாத்தியிருக்கணும்" என்றார். வைனி என்றால் இங்கே மன்னி. நீ மாற்றவில்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெல்ட்டைக் கழற்றும்போது மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் எப்படி நிற்கின்றனவோ அதே நிலையில்தான் புதுசை மாட்டவேண்டும், ஒரு பல் தவறினாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது என்றும் சொன்னார். அடையாளம் வைக்கப் பெயின்ட் இல்லை. இவர் என்ன பண்ணினார் தெரியுமா, பூஜை அலமாரிக் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துக் கொடுத்திருக்கிறார். சக்கரத்தில் ஒன்று, அதற்கு நேர் எதிரே எஞ்சின் உடம்பில் ஒன்று, இப்படி மேலேயும் கீழேயுமாக நாலு பொட்டு. நான் அப்போது சமையலறையில் இருந்தேன். உள்ளே வந்து என்னிடம் சொல்லவேண்டும் என்று இரண்டு ஆண்களுக்கும் தோன்றவில்லை. பெல்ட்டைக் கழற்றிய பிறகுதான் புது பெல்ட் கடையில் இல்லை, திங்கட்கிழமைதான் வரும் என்று தெரிந்தது. டூல் பெட்டியை ஷெட்டிலேயே வைத்துவிட்டு ஜக்தாப் வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை ஆயுத பூஜை. இதிலெல்லாம் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று எனக்கே தெரியாது. ஆனால் அரிவாள்மணைக்குப் பொட்டு வைத்துவிட்டு வண்டியை விட மனசு வரவில்லை, அதுவும் போகப்போகிற வண்டியை. பானெட்டைத் திறந்தேன். ஏற்கெனவே அங்கங்கே குங்குமம் இருந்தது. ஜக்தாப் நல்ல மனுஷர், ஆரம்பித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார், எண்ணெய் வழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பழைய துணியால் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்தேன். சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் சந்தனம், குங்குமம் வைத்தேன். கீழ்ச் சக்கரத்துக்குக் கை எட்டவில்லை, ஊதுபத்திக் குச்சியால் வைத்தேன். மொத்தம் பதினேழு பொட்டு. ஜக்தாப்பின் டூல் பெட்டியையும் பூஜையில் வைத்தேன். அவர் மத்தியானம் புது பெல்ட்டோடு வந்து நின்றபோது, அவருடைய ஸ்பானரை அவருக்கே நான் கொடுக்க முடியவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை புனர்பூஜை ஆகாமல் எடுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை என்றேன். அவர் வருத்தப்படவில்லை. "நாளைக்கு எங்களுக்கு தசரா, நாளைக்கு நான் தொடமாட்டேன் வைனி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை பத்து மணிக்கு அனந்தராமன் தம்பதி வந்தார்கள். பத்தரைக்கு மேல் நல்ல நேரத்தில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காதால் கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து ஜக்தாப், புது வேட்டியும் டோப்பியுமாக, தசராவுக்குத் தங்கம் என்று இங்கே கொடுப்பார்களே அந்த ஆப்டா இலையோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். பாவம், எனக்காகத் தன் வழக்கத்தையும் விட்டு, "அரை மணிதானே, மாட்டிடறேன்" என்று பானெட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வைனி, இதுல என் பொட்டு எது?"

என்ன பொட்டு என்று நான் கேட்க, அவர் சொல்ல, இவர் மெதுவாக வீட்டுக்குள் போய்விட்டார். பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்த அனந்தராமன் மனைவி பட்டு மாமி எஞ்சினைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு விஷயம் புரிந்ததும், "விஜயதசமியன்னிக்கு ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஆத்துக்குக் கொண்டு போகணுமா, ஏன்னா? வேண்டாம்" என்றாள். அவர் இன்னொரு நாள் வரலாமா என்று பார்த்தார். மாமி அவரைப் பார்த்த பார்வையில் அது முடிந்துபோயிற்று. சாப்பாடு போட்டேன். பாயசம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மூன்று மணி ரயிலுக்குப் போய்விட்டார்கள்.

ஆக, வண்டி இப்போது விற்கிற நிலையில் இல்லை. அடையாளம் போனபிறகு பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று ஜக்தாப்புக்கே தெரியவில்லை. என்னால் உனக்கு இந்தக் கஷ்டம், மன்னித்துக்கொள். மன்னிக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் நன்றாகப் படித்து, அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டு நன்றாயிருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ருக்மிணி

பின்குறிப்பு (வியாழக்கிழமை): கடிதத்தை ஒட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். வண்டி நன்றாக ஓடுகிறது, இதைத் தபாலில் போட அதில்தான் போகிறேன். வண்டியோடு கம்பெனி கொடுத்த புத்தகத்தில், இரண்டு சக்கரத்திலும் கம்பெனிக்காரனே வெட்டுக்குறி போட்டிருக்கிறான் என்று படத்தோடு இருக்கிறது. அதைப் பார்த்து நேற்று நானும் ஜக்தாப்புமாக ஒன்றரை மணியில் மாட்டிவிட்டோம். அந்தப் பக்கத்தை நான் சனிக்கிழமையே படித்துவிட்டேன். துடைத்ததும் பொட்டு வைத்ததும் தெரியாமல்தான், அது சத்தியம். ஆனால் அனந்தராமன் பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை, உள்ளே போய் இலை போட்டேன். இரண்டரை வருஷமாக உன்னிடம் கேட்க வாய் வராததை அன்றைக்கும் கேட்காமலே சாதித்துக்கொள்ளப் பார்த்தேன். அது சரியில்லை. அதனால் இப்போது கேட்கிறேன், அண்ணா. இன்னொருத்தரை அனுப்பாதே. அனந்தராமன் சொன்ன விலையை நான் தருகிறேன். வண்டி எனக்கு வேண்டும்.