தொலைநோக்கி திரும்பிய பக்கம்

இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரே ஒரு விஷயத்திலாவது அம்புஜத்தை ஜெயித்துக் காட்டுவது என்று ரங்கநாதன் சபதம் எடுத்தார். வாய்விட்டு எடுத்தால் சமையலறைவரை கேட்டுவிடும் என்பதால் மனசுக்குள்ளேயே எடுத்தார். வெளியே பெங்களூரின் தொம்மலூர் மழையில் ஊறிக்கொண்டிருந்தது. பின்அறை வாசலில் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, "கொடுக்கமாட்டேன், இந்த அறையைக் கொடுக்கவேமாட்டேன்" என்று முணுமுணுத்தார்.

அறை என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். கட்டில் போட்டால் கதவு மூடாது. கதவை மூடினால் காற்று வராது. ஆனால் அதன் நடுவில், உத்தரத்துக் கொக்கியிலிருந்து ஒற்றை நூலில், அவருடைய தொலைநோக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிற ஹப்பிள் தொலைநோக்கியின் மாடல் அது. அதைத் தேடி அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. சிவாஜிநகரில் ஒரு கடைக்காரர், டெலஸ்கோப் என்றதும் "துர்பீனா? இருக்கு சார்" என்று பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிவிட்டார். இன்னொருவர் இறக்கை இல்லாத ராக்கெட்டைக் கொடுத்து, இறக்கையை வீட்டில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். கடைசியில் 2001-இல், தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த டென்சில்தான் கண்டுபிடித்துக் கொடுத்தான். எந்த நாட்டிலோ யாரோ ஒரு புண்ணியவான் அட்டையில் வெட்டி ஒட்டுகிற மாதிரி மாடல் வரைந்து இன்டர்நெட்டில் போட்டிருந்தார். பக்கத்தில் யாராவது போனை எடுத்தால் லைன் அறுந்துவிடும்.

"சார், இன்னிக்குக் குழாய் மட்டும்தான் வந்துச்சு. இறக்கைக்கு நாளைக்கு வாங்க" என்பான் டென்சில்.

வெட்டி, மடித்து, ஒட்டி, வெள்ளித்தாள் சுற்றி முடித்தபோது இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். இரண்டு பக்கமும் இறக்கை. முன்னால் திறந்த மூடி. அடியில் கண்ணாடி இருக்க வேண்டுமே என்று அம்புஜத்தின் பவுடர் டப்பா கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்தார். மூடிப் பக்கமாக எட்டிப் பார்த்தால், இருட்டின் ஆழத்தில் ஒரு கண் திரும்பிப் பார்க்கும். தன் கண்தான். இருந்தாலும் முதல் தடவை பார்த்தபோது அவரே ஓரடி பின்வாங்கினார்.

இந்த நேரத்தில்தான் அம்புஜத்தின் அறிவிப்பு வந்தது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை தையல் மெஷினைப் பின் ரூமுக்கு மாத்தணும். ஃபால்ஸ் வைக்க வந்த புடவையெல்லாம் கட்டில்மேல கிடக்கு. நேத்து ஒரு அம்மாவோட பட்டுப்புடவையைப் போத்திக்கிட்டுத் தூங்கறீங்க."

"அங்க டெலஸ்கோப் இருக்கே, அம்புஜம்."

"பரண்ல போடுங்க."

"பரண்லயா? அது வானத்தைப் பாக்கற சாமான்!"

"பரண்ல போட்டா வானத்துக்கு இன்னும் கிட்டதானே இருக்கும்?"

ரங்கநாதன் பேச்சை விட்டுவிட்டு வேலையில் இறங்கினார். மனைவியின் தையல் பெட்டியிலிருந்து சாம்பல் நிற நூலை எடுத்தார். ஒரு முனையைத் தொலைநோக்கியின் இடது இறக்கையில் கட்டினார். மறுமுனையை அறைக்கும் ஹாலுக்கும் நடுவிலிருந்த ஜன்னல் வழியாகத் தன் நாற்காலிவரை கொண்டுவந்தார். மங்கலான அந்த அறையில் சாம்பல் நூல் கண்ணுக்கே தெரியவில்லை. பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு சுண்டு விரலால் இழுத்தால் தொலைநோக்கி மெதுவாகத் திரும்பியது. விட்டால் தானாகப் பழைய இடத்துக்கு வந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"அம்புஜம், சொன்னா பயப்படக்கூடாது. அந்த ரூம்ல என்னமோ இருக்கு. டெலஸ்கோப் தானா திரும்புது."

"தானாவா?"

"காத்தே இல்ல. ஆனா திரும்புது. யாரையோ தேடற மாதிரி இருக்கு."

அம்புஜம் அலறுவாள், மெஷின் பேச்சு அத்தோடு போகும் என்பது அவர் கணக்கு. அம்புஜம் அலறவில்லை. கை கழுவி, முந்தானையில் துடைத்து, நெற்றியில் புதுசாகக் குங்குமம் இட்டுக்கொண்டு போய்த் தொலைநோக்கிக்கு முன்னால் கைகூப்பி நின்றாள்.

"யாராயிருந்தாலும் நல்லா இருங்க. ஒண்ணு கேக்கறேன். ஆமான்னா வாசல் பக்கம் திரும்புங்க, இல்லன்னா சுவர் பக்கம். மெஷினை இந்த ரூம்ல போடலாமா?"

ரங்கநாதனுக்குத் தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியவில்லை. ஹால் நாற்காலியில் சாய்ந்து, பேப்பருக்குப் பின்னால் சுண்டு விரலை மடக்கினார். தொலைநோக்கி முனகிக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பியது.

"வேணாம்னு சொல்லுதுங்க" என்றாள் அம்புஜம் பயபக்தியோடு.

"பார்த்தியா! நான் என்ன பண்ண முடியும்? அதுவே சொல்லுது" என்றார். அன்று ராச்சாப்பாட்டில் ரசம் அமிர்தமாக இருந்தது.

இரண்டு நாள் அறை அவருடையதாக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் வானம் கறுத்து, கரண்ட் போயிருந்தது. அம்புஜம் விளக்கோடு போய் மறுபடி நின்றாள். இந்தத் தடவை அவள் கேட்டது வேறு.

"இந்த வீட்டுல எனக்குத் தெரியாம ஏதாவது இருக்கா?"

ரங்கநாதன் நூலைத் தொடவில்லை. இரண்டு கையிலும் பேப்பர். நூல் அவர் மடியில் தொய்ந்து கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொலைநோக்கி திரும்பியது. அவர் இழுத்தால் திரும்புகிற பக்கம் அல்ல, எதிர்ப்பக்கம். வாசலைத் தாண்டி, மெல்ல மெல்ல, பரண் இருந்த மூலைக்கு நேராக வந்து நின்றது. திறந்த மூடி விளக்கு வெளிச்சத்தில் வாய் பிளந்த மாதிரி இருந்தது.

பரணில் பழைய போர்வைக்குள் சிவாஜிநகரில் வாங்கிய மாடல் பெட்டிகள் இருந்தன. 'இனிமேல் ஒன்றுகூட வாங்கமாட்டேன்' என்று சாமி படத்துக்கு முன்னால் சொன்ன பிறகு வாங்கியவை. அம்புஜம் ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொன்றாக இறக்கினாள்.

"எவ்வளவு கரெக்டா காட்டிச்சு பாருங்க" என்றாள்.

மறுநாளும் அவள் கேட்டாள்: "இவர் போன வாரம் வயித்துவலின்னு லீவு போட்டது பொய்யா?" தொலைநோக்கி ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு வாசல் பக்கம் போய் நின்றது. டென்சில் கடையில் இறக்கைக்காகக் காத்திருந்த அந்த நாள் ரங்கநாதனின் கண்முன் வந்து போனது. தன் நூலை அன்றே அறுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

சனிக்கிழமை மதியம் அம்புஜம் கடைக்குப் போயிருந்தாள். ஊர் முழுக்க மேகம், வீட்டுக்குள் பகலே சாம்பலாக இருந்தது. பார்த்துவிடுவது என்று ரங்கநாதன் அறைக்குள் போனார். தொலைநோக்கி அவரைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தது. இடது பக்கம் ஓரடி நகர்ந்தார். அதுவும் கொஞ்சம் நகர்ந்ததா, இல்லை மனப்பிரமையா, தெரியவில்லை. நூல் கிடையாது, காற்று கிடையாது, ஜன்னலும் மூடியிருந்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு குழாய்க்குள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார். உள்ளே கண் இருந்தது. அவர் இமைத்தார். இமை திறந்தபோது அந்தக் கண் இன்னும் மூடியிருந்தது. அப்புறம்தான் திறந்தது.

அம்புஜம் திரும்பி வந்தபோது அவர் தெருவில் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"மெஷினைப் பின் ரூம்லயே போட்டுக்கோ" என்றார்.

"நிஜமாவா? உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குமே."

"எனக்கென்ன கஷ்டம்? உன் சௌகரியம்தானே முக்கியம்."

மெஷின் போனது. தொலைநோக்கியைக் கழற்ற அவருக்குக் கை வரவில்லை. அது பாட்டுக்கு மேலே தொங்க, கீழே அம்புஜம் பாட்டுக்குத் தைத்தாள்.

நாலைந்து நாள் கழிந்திருக்கும். ஏதோ கேட்க வந்த ரங்கநாதன் பின்அறை வாசற்படியைத் தாண்டாமல் நின்று, பெடலை மிதிக்கும் மனைவியின் காலைப் பார்த்தார். கால்விரல் மெட்டியில் ஒரு துண்டு நூல் முடிச்சுப் போட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நூல்.

"அம்புஜம்! அது என்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். "ஐயோ, அவுத்துட்டேன்னு நெனச்சேனே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது.

"நீதானா? கையைக் கூப்பிக்கிட்டுக் காலால இழுத்தியா?"

"வேற என்ன பண்றது? ஃபாத்திமா தைக்கக் குடுத்த ப்ளவுஸுக்கு மேட்ச் பண்ணி வாங்கின நூலு அது. ஒரு கை தைக்கறேன், இன்னொரு கைக்கு நூல் பத்தல. வீடெல்லாம் தேடிட்டு இங்க வந்து அண்ணாந்து பாக்கறேன், என் நூலு ஜன்னல் வழியா உங்க நாற்காலிக்குப் போகுது. தைக்கறவ கண்ணுக்கு நூல் தெரியாதா? மீதி இருந்ததை நான் அந்தப் பக்க இறக்கையில கட்டினேன்."

ரங்கநாதனுக்கு உயிர் திரும்பி வந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை! வாசற்படியைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார்.

"மோசடி! இது செல்லாது. மெஷினை வெளியில எடு. ரூம் என்னோடது!"

"தாராளமா எடுத்துக்கோங்க" என்றாள் அம்புஜம் கத்திரிக்கோலை வைத்துவிட்டு. "நான் இழுத்தது ரெண்டே தடவை. பரணுக்கு ஒண்ணு, லீவுக்கு ஒண்ணு. அதுக்கப்புறம் என் நூலையும் அறுத்துட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க ஆபீஸ் போனப்புறம் எப்படித் திருப்பினீங்க?"

"எதை?"

"நான் ஹால்ல பெருக்கினா ஹாலைப் பாக்குது. சமையல்கட்டுக்குப் போனா அந்தப் பக்கம் திரும்புது. டென்சில்கிட்ட சொல்லி மோட்டார் ஏதோ வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். என் வீட்டுக்காரருக்கு இவ்வளவு மூளையான்னு பெருமையாக்கூட இருந்துச்சு."

"மோட்டாரெல்லாம் இல்லையே."

தையல் மெஷினின் சக்கரம் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். தொலைநோக்கி சாதுவாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரிங்க, நியாயம்னு ஒண்ணு இருக்கே. மெஷினை இப்பவே எடுத்துடறேன். நீங்க இங்க உக்காந்து நிம்மதியா மாடல் பண்ணுங்க."

"அவசரம் ஒண்ணுமில்ல."

"ரூம் உங்களோடதுதானே?"

"உன்னோடதா என்னோடதா, அதெல்லாம் எதுக்கு இப்ப? மெஷின் இங்கயே இருக்கட்டும்."

"அப்ப டெலஸ்கோப்?"

"அதுவும் இருக்கட்டும்."

"நீங்க?"

"நான் ஹால்லயே நல்லாத்தான் இருக்கேன்" என்றார் ரங்கநாதன், பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து.

அம்புஜம் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் போகாமல் நின்று கதவில் காதை வைத்தார். உள்ளே அம்புஜத்தின் குரல், குழந்தையோடு பேசுகிற மாதிரி, தணிவாகக் கேட்டது.

"போயிட்டார். இனிமே இந்தப் பக்கம் திரும்பு."

பிறகு அட்டை முனகுகிற சத்தம் வந்தது.

தான் ஒட்டுக்கேட்பது தெரிந்தே அவள் விளையாடுகிறாளோ என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. கதவைத் திறந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ரங்கநாதன் திறக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்து, டிகாக்‌ஷனை இறக்கி, காபி கலந்தார். தட்டில் டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்து, மூடிய கதவை மரியாதையாகத் தட்டினார்.

"அம்புஜம், மூணு டம்ளர் கொண்டாந்திருக்கேன். அதுக்குச் சர்க்கரை எவ்வளவு?"