சத்தம் உள்ளே ஏறுகிறது

என் மாமனாரை எங்கள் குடும்பம் இரண்டு தடவை பறிகொடுத்தது. முதல் தடவைக்குக் காரணம் மாரடைப்பு. இரண்டாவது தடவைக்குக் காரணம் நான். மாரடைப்பை எல்லாரும் மன்னித்துவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் இலுப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை, மல்டிமீடியா கம்ப்யூட்டர். அன்றைக்கெல்லாம் கம்ப்யூட்டர் என்றால் ஆபீசில் கிர்ர் கிர்ர் என்று சம்பளப் பட்டியல் அடிக்கும் சாமான். என்னுடையது பாடும், படம் காட்டும், அதில் டிவி தெரியும், வீடியோ டெக்கைச் சொருகினால் கேசட்டில் உள்ளதை அப்படியே வாங்கி வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். காலடியில் ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கர், இரண்டு பக்கமும் இரண்டு குட்டி ஸ்பீக்கர், கையில் ரிமோட். மானிட்டர் தலையில் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு மைக். (மைக் இலவசம். அதை எதற்கும் பயன்படுத்தியதில்லை. அழகுக்கு வைத்திருந்தேன்.) டிவி கார்டு வந்த டப்பாவில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு ஒயர் மிச்சம் கிடந்தது. எதற்கென்று தெரியவில்லை. எடுத்துக் கொசுவலையைக் கட்டினேன்.

என் மனைவி ரீட்டாவுக்கு ஊர் ஆவூர். அவள் அப்பா, அதாவது என் மாமனார், இயேசு பாடுபட்ட கதையை நடிக்கும் அந்த ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் யூதாஸாக நடித்தவர். இயேசு வேஷத்துக்கு ஊரில் போட்டி இருந்தது. யூதாஸ் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. "யாராச்சும் காட்டிக் கொடுத்தாத்தானேப்பா கதை நகரும்?" என்று இவர் ஏற்றுக்கொண்டார். தூக்குப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் யூதாஸ் ஒரு புலம்பல் பாடுவார். சொந்தமாகக் கட்டின பாட்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை. அதைக் கேட்டு, இரண்டு மணி நேரமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் அழுவார்கள்.

மாமா போனபோது ரீட்டாவின் அண்ணன் அந்தோணி சிங்கப்பூரில் இருந்தார். லீவு கிடைக்காமல் அடக்கத்துக்கு வர முடியவில்லை. முதல் வருஷப் பூசைக்கு வருவதாகச் சொன்னார். அத்தை ஒரு வீடியோ கேசட்டை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஒரு வருஷம் யாரோ கல்யாணக் கேமராவில் பிடித்த பாஸ்கா. மாமா குரல் இருந்த ஒரே இடம் அதுதான்.

"அவன் அப்பா கொரலக் கேக்கணும்னு போன்ல அழுகுறான் மாப்பிள்ளை. ஒங்க வீட்டு டெக்க மட்டும் கொண்டாந்தாப் போதும்."

டெக்கா? மல்டிமீடியா வைத்திருப்பவனிடம் டெக்கா?

"கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொண்டாறேங்கத்த. தியேட்டர்ல பாக்குற மாதிரி இருக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெக்கை மாட்டி, சிவப்புப் பட்டனை அழுத்தினேன். திரையில் மாமா வந்தார். வாயசைத்தார். சத்தம் இல்லை.

"ஏங்க, சத்தமே வரலையே?" என்றாள் ரீட்டா.

என்றைக்கும் மறக்க முடியாத அந்தப் பதிலைச் சொன்னேன். "சத்தம் உள்ள ஏறிக்கிட்டிருக்கும்மா. வெளிய வந்துட்டா உள்ள எப்படி ஏறும்?"

(என்ன ஒரு அறிவு! இதை என் வாயால் சொன்னேன், அதுவும் ஒரு பட்டதாரி.)

படம் ஓடி முடிந்ததும் மறுபடி போட்டுப் பார்த்தேனா? பார்த்தேன். படம் வந்தது. எங்கள் கைக்குழந்தை பாப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரை அணைத்து வைத்துவிட்டுப் பார்த்தேன். பிறகு ரீட்டா சாயங்காலப் பூசைக்குக் கிளம்பிப் போனாள். டிவியில் கிரிக்கெட் மேட்ச் ஆரம்பித்தது. எனக்கு வெளியே ஒரு ஜோலி. பதிவு செய்ய வீட்டில் காலி கேசட் இல்லை. கம்ப்யூட்டரில்தான் ஏற்றியாகிவிட்டதே! கேசட்டை யாரும் அழித்துவிடக் கூடாது என்று அதன் முதுகில் ஒரு சின்ன ஓட்டை விட்டிருந்தார்கள். அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினேன். டெக் அதில் மேட்சைப் பதிய ஏற்றுக்கொண்டது. (அந்த மேட்சில் நம்மாட்கள் தோற்றும் போனார்கள்.)

பூசை நாள் வந்தது. கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, வாடகைக் காரில், மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆவூருக்குப் போனேன். பாப்பாவை ரீட்டா வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். அந்தோணி மச்சான் தரையில், திரைக்கு ஒரு முழம் தள்ளி, சின்னப்பிள்ளை மாதிரி சம்மணம் போட்டிருந்தார்.

"அப்பா பாடுற எடத்தப் போடுங்க மச்சான்."

போட்டேன். மரத்தடியில் மாமா. கையில் கயிறு. அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். மாமா வாயைத் திறந்தார். ஸ்பீக்கரில் எங்கள் வீட்டு ஃபேன் சத்தம் வந்தது. அடுத்து குக்கர் விசில், மூன்று. அப்புறம், வானத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட மாமாவின் வாயிலிருந்து என் குரல் வந்தது.

"ஒங்கண்ணனுக்கு அப்பா செத்தப்ப லீவு கெடைக்கலையாம். இப்பப் படம் பாக்க மட்டும் கெடைச்சிருச்சாம்."

"மெதுவாப் பேசுங்க. யார் காதுலயாச்சும் விழுந்துறப் போகுது." இது ரீட்டா.

"இங்கிட்டு யாரு இருக்கா கேக்குறதுக்கு?"

நாற்பது பேர் இருந்தார்கள்.

அழகுக்கு வைத்த மைக் அன்றைக்கு மத்தியானம் முழுக்க வேலை பார்த்திருக்கிறது. நான் பாய்ந்து கையில் கிடைத்த ஒயரைப் பிடுங்கினேன். மானிட்டர் ஒயர். மாமா மறைந்தார். இருட்டுத் திரையிலிருந்து நான் மட்டும் தொடர்ந்து பேசினேன். "ஒங்கம்மாவுக்கு என்ன, கேசட்டப் போட்டுட்டா மூணு நாளைக்கு உக்காந்து அழுவாங்க..." சத்தத்தைக் குறைக்க மரப்பெட்டியின் திருகைத் திருகினேன். எந்தப் பக்கம் திருகினேன் என்று சொல்லத் தேவையில்லை. "...சமைச்சுப் போடுறது யாரு?" என்ற கேள்வி தெரு முனை வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

கடைசியில் அந்தோணி மச்சான் எழுந்து சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். ஒரே ஒரு சுவிட்ச். அது எனக்குத் தோன்றவில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவரோ என் தோளைத் தொட்டு, "விடுங்க மச்சான். வீட்டுக்குள்ள நாலு பேச்சு இருக்கத்தான் செய்யும். கேசட் இருக்குல்ல? பக்கத்து வீட்டுல டெக் வாங்கிட்டு வாரேன்" என்றார்.

நான் மானிட்டரைப் போர்வையில் சுற்ற ஆரம்பித்தேன்.

"கேசட்டு... இலுப்பூர்ல இருக்கு மச்சான்."

"இல்லங்க, பையில இருக்கு" என்றாள் ரீட்டா. "எதுக்கும் இருக்கட்டும்னு நாந்தான் எடுத்து வச்சேன்."

அந்த நிமிஷத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். டெக் வரக் கால்மணி நேரம் ஆனது. அந்தக் கால்மணி நேரமும் நான் ஒவ்வொரு ஒயராகச் சுருட்டிக்கொண்டிருந்தேன், ரொம்ப வேலை இருப்பவன் மாதிரி.

கேசட்டைப் போட்டார்கள். பச்சைப் பசேல் என்று மைதானம். ஒருவன் ஓடி வந்து பந்து போட்டான். வைடு. அந்தோணி மச்சான் வேகமாக ஓட்டினார். நிறுத்தினார். மைதானம். இன்னும் ஓட்டினார். மைதானம்தான். அத்தைதான் கேட்டார்.

"மாமா எப்ப வருவாரு மாப்பிள்ளை?"

பிடுங்குவதற்கு எனக்கு ஒரு ஒயரும் இல்லை.

அந்தோணி மச்சான் கேசட்டைத் திருப்பி, அதன் முதுகில் இருந்த செல்லோடேப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கப்பா வேஷந்தான் போட்டாரு" என்றார். கொல்லைப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். (பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். எழுந்திருக்கவும் தைரியம் வேண்டுமே.)

கொசுவலையைக் கட்டின ஒயர் எதற்கென்று ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. டிவி கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குச் சத்தத்தைக் கொண்டுபோவதற்காம்.

இப்போது வீட்டுக்கு நாலு செல்போன். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் யாராவது ஒருத்தர் போனைத் தூக்கினால் அத்தை முதலில் கேட்பது ஒன்றுதான்: "சத்தம் ஏறுதா?" கூட்டமே சிரிக்கும். ஆவூரில் எங்கள் சொந்தம் இல்லாதவர்கள்கூட இப்போது போனைத் தூக்கினால் அப்படித்தான் கேட்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் எல்லாருக்கும் முந்திச் சிரித்துவிடுவேன். அதுதான் பாதுகாப்பு.

போன மாதம் என் மகள் அத்தை முன்னால் போனை நீட்டி, தாத்தா பாட்டைப் பாடச் சொன்னாள். அத்தை கேட்டார்: "சத்தம் ஏறுதா?" நானே போனை வாங்கி, கொஞ்சம் பதிவு செய்து போட்டு, இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, "ஏறுதுங்கத்த" என்றேன்.

பாடினார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி கொஞ்சம் தடுமாறி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தார்.

லீவில் வந்திருந்த அந்தோணி மச்சான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்:

"மூணாவது வரி மச்சான்கிட்டத்தான் இருக்கும்மா. உள்ள ஏறிக்கிட்டிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு மட்டும் நான் கொஞ்சம் பிந்திவிட்டேன்.