பின்காலுக்கு ஓர் அத்தாட்சி

லா சப்பல், பாரிஸ்
12 ஒக்டோபர் 1986

என் பாசமுள்ள அம்புறோஸ் அண்ணைக்கு,

மடுமாதாவின் காவலில் நான் நலம். நீங்களும் நலமென்று அண்ணி எழுதினா. நீங்கள் எழுதவில்லை. இது ஆறாவது கடிதம். முந்தின ஐந்தையும் கோபத்தில் அடுப்பில் வைத்திருந்தாலும் இதை வாசியுங்கள். இது உறவுக் கடிதமல்ல, அலுவல் கடிதம்.

நான் இஞ்சை பாரிஸிலேயே ஸ்டாலின்கிராட் என்கிற பகுதியில் ஒரு பயிற்சி மண்டபத்தைத் துடைக்கிறேன். அங்கே ஜிஸ்லேன் என்றொரு பிரெஞ்சுப் பெண், யப்பானில் அழிந்துபோன ஒரு தடிச்சண்டைக்கு உயிர் கொடுக்கிறா. கடைசி ஆசான் சீடனில்லாமலே செத்துப்போனாராம். மிச்சமிருப்பது ஒரு படப்புத்தகம். அதிலும் கால் வைக்கிற பக்கங்களைப் பூச்சி தின்றுவிட்டது. பத்து வெள்ளைக்காரர் ஒரு வருசமாகத் தடியைப் பிடித்தபடி, எந்தக் காலை எடுப்பதென்று தெரியாமல் நின்றார்கள். போன மாசி மாதம் நான் நீட்டுத் தடியில் ஈரச்சீலையைப் போட்டுப் பின்பக்கமாய் நடந்து நிலம் துடைத்துக்கொண்டு வர, "அசையாதையும்!" என்று ஜிஸ்லேன் ஒரு கத்துக் கத்தினா. வாளி கவிண்டு போச்சு. வேலையும் போச்சு என்று நான் நிற்க, அவ என் காலடியில் குந்தியிருந்து பாதத்தை அளக்கிறா. "இதுதான், இந்தக் கால்தான்!" எனக்கு விளங்கிவிட்டது, அண்ணை. எங்கடை பேசாலைக் கடற்கரையில் கரைவலை இழுக்கப் பின்னாலை வைக்கிற கால். நீங்கள் கயிற்று நுனியால் அடித்து அடித்து ஊன்ற வைத்த கால். வலைக்கதையைச் சொன்னேன், அவ நம்பாமல் அதைத் தன்னடக்கம் என்று மெச்சினா. அடுத்த கிழமை பத்துப்பேரும் கரைவலை இழுத்தார்கள், மீன்தான் இல்லை.

இதைக் கேள்விப்பட்டு யப்பானிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பார்த்துவிட்டு, "இவர் எந்த ஆசான்ரை வழி? அத்தாட்சி இருக்கோ?" என்று ஜிஸ்லேன் மூலம் கேட்டார். அத்தாட்சி என்றதும் இஞ்சை வந்த எந்தத் தமிழனும் செய்வதை நானும் செய்தேன். ஓடிப்போய் மொழிபெயர்ப்பாளரின் முத்திரை குத்தின ஞானஸ்நானப் பத்திரம், அகதிக் கந்தோர் தந்த றெசெப்பிசே என்கிற பதிவுத்துண்டு, கரண்ட் பில், எல்லாத்திலும் இரண்டு கொப்பி கொண்டுவந்து நீட்டினன். பெரியவர் குனிந்து இரண்டு கையாலும் வாங்கி, ஞானத்தகப்பன் பெயரில் விரல் வைத்து, "இவரோ ஆசான்?" என்றார். கள்ளுக்கொட்டில் மரியான்பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

பிறகு மெதுவாய்க் கேட்டார்: "உந்தக் காலை உமக்குப் பழக்கினது ஆர்?" அண்ணை, மூன்று வருசமாய்க் கந்தோர்களில் எத்தனையோ பேர் தகப்பன் பேரென்று அப்புவின்ரை பேரைக் கேட்டு எழுதியிருக்கினம், ஒருத்தரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இந்த மனுசன் பதிலுக்குக் காத்திருந்தார். "என்ரை அண்ணை" என்றேன். அதோடை அழுகை வந்திட்டுது. சொல்லாமல் கொள்ளாமல் வந்தது பிழைதான். சொன்னால் விட்டிருக்கமாட்டியள். உங்கடை ஏச்சைக் கேக்காமல் எனக்கு இஞ்சை ஒரு நாளும் விடியிற மாதிரி இல்லை.

அலுவலுக்கு வருகிறேன். ஆசான் கைப்பட எழுதித் தந்தால்தான் வழி செல்லுமாம். ஆகையால் "மடுத்தீனுக்குப் பழக்கினது நான், எனக்குப் பழக்கினது அப்பு" என்று இரண்டே வரி, கையெழுத்தோடு உடன் அனுப்பவும். இல்லாவிட்டால் ஒரு யப்பான் கலை உங்களால் இரண்டாந்தரம் சாகும்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். அந்தோனியார் உங்கள் தோணியோடு போய் உங்களோடு திரும்பி வருவாராக.

உங்கள் ஏச்சுக்குரிய தம்பி,
மடுத்தீன்

பி.கு.: பெரியவர் ஆடியிலேயே திரும்பிப் போயிட்டார். "வலை இழுப்பு நல்ல வலை இழுப்புத்தான், எங்கடை கலை இல்லை" என்று சொல்லிப்போட்டுத்தான் போனார். வகுப்பையும் மூடியாச்சு, ஜிஸ்லேன் இப்ப யோகாசனம் படிப்பிக்கிறா. அத்தாட்சி ஒருத்தருக்கும் தேவையில்லை. எண்டாலும் அந்த இரண்டு வரியை எழுதுங்கோ, அண்ணை.