மாற்றத்துக்கு இரண்டு பேர் குறைவு

பதினாறு பேர் வேண்டும். இருந்தது பதினான்கு பேர்தான். ரோக்கோ சிமினோ மூன்றாவது தடவையாக எண்ணினார். தன்னை இரண்டு முறை எண்ணிக்கொண்டால்கூடப் பதினைந்துக்கு மேல் போகவில்லை.

"எண்ணிக்கிட்டே இருந்தா குட்டி போடுமா?" என்றாள் அவர் மனைவி நடீன். பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலேதான் கேட்டாள்.

அயோவா மாநிலத்தில் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் கூட்டம் அது. வாக்குச் சீட்டு, திரை, ரகசியம் எதுவும் கிடையாது. ஜனவரிக் குளிரில் வட்டாரத்துக் கட்சிக்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூடுவார்கள். யாருக்கு யாரைப் பிடிக்குமோ அவருடைய மூலையில் போய் நிற்பார்கள். தலையை எண்ணுவார்கள். வந்த கூட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்து தேறாத மூலை செல்லாத மூலை. அப்படிப்பட்டவர்களுக்கு அரை மணி நேரம் அவகாசம். அதற்குள் ஆள் பிடிக்கலாம், வேறு மூலைக்குத் தாவலாம், வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுக்கலாம். அன்றைக்கு வந்திருந்தவர்கள் நூற்று நான்கு பேர்; ஆக ஒரு மூலை தேற வேண்டியது பதினாறு தலை.

அதில் எழுபத்திரண்டு பேர் கூடைப்பந்து வளையத்தின் கீழே, செனட்டர் கிராண்ட் ஹாலோவேயின் மூலையில் நின்றார்கள். எல்லோர் நெஞ்சிலும் 'மாற்றம்' என்று நீல நிற ஸ்டிக்கர். ஆளுநர் கோரிகனுக்கு ஒன்பது பேர். இன்னும் முடிவெடுக்காத ஒன்பது பேர் காபிப் பாத்திரத்தைச் சுற்றி நின்று, ஓட்ஸ் பிஸ்கட் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் பதினான்கு பேர்தான் ரோக்கோவின் ஆட்கள். ஐடா பெல்க்ரேவ் அம்மையாரின் கூட்டம்.

பெல்க்ரேவ் சொன்னது ஒரே விஷயம். நாட்டில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவ அட்டை. காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு ஒரு கும்பிடு. ரோக்கோவுக்கு அது வெறும் கொள்கை இல்லை. அவருடைய மகன் டொமினிக் லாரி ஓட்டுகிறான். காப்பீடு இல்லை, சர்க்கரை நோய் இருக்கிறது. ஒருநாள் போட வேண்டிய இன்சுலினை இரண்டு நாளைக்குப் பங்கு போட்டு ஊசி குத்திக்கொள்கிறான். மூன்று தேர்தலாக ரோக்கோ அந்த அரங்கில் அதே மூலையில் நின்றிருக்கிறார். முதல் தடவை ஐந்து பேர், பிறகு எட்டு, பிறகு பதினொன்று. இந்தத் தடவை பதினான்கு. இன்னும் இரண்டே பேர் கிடைத்தால் மாவட்ட மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதி. டொமினிக்கின் விஷயத்தை மேடை ஏறிச் சொல்ல ஒரு வாய்.

ஹாலோவேயை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. அந்த ஆள் 'மாற்றம்' என்று சொன்னால் கூட்டம் கண் கலங்குகிறது. எதை மாற்றப்போகிறார் என்று கேட்டால் கூட்டம் கேட்டவனை முறைக்கிறது. சமையல்காரனையும் பழைய எண்ணெயையும் அப்படியே வைத்துக்கொண்டு வாசலில் 'புதிய நிர்வாகம்' என்று பலகை மாட்டும் ஓட்டல் அது என்பது ரோக்கோவின் வாதம். சமுதாயக் கல்லூரியில் இருபத்தாறு வருஷம் வரலாறு நடத்தியவர் ஆனதால் வாயால் சொன்னதோடு விடவில்லை. 'ஹாலோவேயின் மாற்றம்: எதிலிருந்து எதற்கு?' என்று பதினோரு பக்கத்துக்கு ஒரு கட்டுரை, நாற்பத்து மூன்று அடிக்குறிப்புகளோடு எழுதி அச்சடித்துவிட்டார். போரை முடிப்பேன் என்கிறார், ஆனால் 'பொறுப்போடு'. வங்கிக்காரர்களைத் தட்டிக் கேட்பேன் என்கிறார்; அவருக்குப் பொருளாதாரம் சொல்லித்தருகிற மூன்று பேரும் வங்கிக்காரர்கள். காப்பீட்டுக் கம்பெனிகளைப் பேச்சுவார்த்தை மேசைக்கு அழைப்பேன் என்கிறார். மேசையே அவர்கள் வாங்கிக் கொடுத்ததுதான்.

அந்தக் கட்டுரைக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரோக்கோ காபிப் பாத்திரத்தை நோக்கி நடந்தார்.

முடிவெடுக்காத ஒன்பது பேருக்கும் தலைவி மாதிரி நின்றவள் வெர்னா எக்லண்ட். விவசாயிகளுக்கு ஆலங்கட்டி மழைக் காப்பீடு விற்பவள், ரோக்கோவின் பழைய மாணவி. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி விளக்க, அவள் பிஸ்கட்டைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப காப்பீட்டுக் கம்பெனியெல்லாம் இருக்குமா சார்?"

"அப்படியே இருக்கும். அதைத்தானே தலையில அடிச்சுக்கறேன்."

"வரி?"

"ஒரு தூசு நகராது. அடிக்குறிப்பு பத்தொன்பதைப் பாரு."

"ராணுவச் செலவு?"

"கூடும்."

வெர்னா நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டாள். "வயித்துல பாலை வார்த்தீங்க சார். மாற்றம் மாற்றம்னு அந்த ஆள் சொல்றதைக் கேட்டு ஆறு மாசமா எனக்குப் பயம். ஆள் பார்க்க லட்சணமா இருக்கார், நல்லாப் பேசறார், ஆனா எதையாவது செஞ்சு தொலைச்சிடுவாரோன்னு இருந்துச்சு. ஒண்ணும் செய்ய மாட்டார்னு இவ்ளோ ஆதாரத்தோட யாருமே எழுதல."

மற்ற எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு பிரதி வாங்கிக் கொடுத்தாள். ஒன்பது பேரும் மிச்ச பிஸ்கட்டோடு ஹாலோவேயின் மூலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மூலைக்குப் பொறுப்பாளர் கேரல் டீட்ஸ் என்ற பெண்மணி. பழைய டிராக்டர் வாங்கி விற்பவர். அவர் தூரத்திலிருந்தே ரோக்கோவைப் பார்த்து நன்றியோடு தலையைச் சாய்த்தார்.

ரோக்கோ தன் மூலைக்குத் திரும்பியபோது நடீன் பின்னலில் அடுத்த வரிசையை ஆரம்பித்திருந்தாள்.

சரக்கை மோசம் என்று சொன்னால் வாங்குகிறார்கள். பிரமாதம் என்று சொன்னால் ஓடிவிடுவார்கள் என்று ரோக்கோ கணக்குப் போட்டார். நேரே போய் வெர்னாவை ஓரமாக அழைத்து, காதோடு காதாக ஒரு விஷயம் சொன்னார். ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது நியூயார்க் நகரம். அங்கே சந்தைத் தெருவில் அப்பாவின் காய்கறிக் கடையில் பேசிப் பழகிய தொண்டை. அவருடைய ரகசியம் அரங்கின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

"நான் எழுதினது தப்பு வெர்னா. அந்த ஆள் வெளியிலதான் சாது. ஜெயிச்ச மறுநாளே காப்பீட்டுக் கம்பெனியையெல்லாம் இழுத்து மூடப்போறார். வங்கியெல்லாம் சர்க்கார் கைக்கு வந்துடும். எல்லாருக்கும் இலவச வைத்தியம். உள்ளுக்குள்ள பச்சைப் புரட்சிக்காரர்."

வெர்னா அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "அச்சுல இருக்கறதை விட்டுட்டு வாய்ப்பேச்சை நம்பாதேன்னு கிளாஸ்ல சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே சார்?"

அவள் நம்பவில்லை. ஆனால் நம்புவதற்கு ஆள் இல்லாமல் போகவில்லை. ரோக்கோவின் மூலையிலிருந்து ட்ரூடி வான்ஸ்டீன், ஓய்வுபெற்ற நர்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பதினைந்து வருஷமாகப் பெல்க்ரேவுக்காகக் கதவு தட்டியவள்.

"இவ்ளோ நல்ல மனுஷன்னு தெரிஞ்சும் ஏன் ரோக்கோ எங்ககிட்ட மறைச்சே?" என்றாள். தங்கையையும் தங்கை புருஷனையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வளையத்தின் கீழே போய் நின்றாள்.

ஒன்றும் மாறாது என்று கேள்விப்பட்டவர்களும் அங்கே போனார்கள். எல்லாம் மாறும் என்று கேள்விப்பட்டவர்களும் அங்கேயே போனார்கள். எந்தக் காலுக்கும் பொருந்தும் என்று நடைபாதையில் விற்கிற காலுறை மாதிரி ஒரு சொல்லைச் செனட்டர் கண்டுபிடித்து வைத்திருந்தார். வெர்னாவும் ட்ரூடியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு, பரஸ்பரம் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள்.

"பதினொண்ணு," என்றாள் நடீன். "இன்னும் ஒரு தடவை நீ வாயைத் திறந்தா நான் மட்டும்தான் இங்க இருப்பேன்."

பாக்கி இருந்தது ஆளுநர் கோரிகனின் ஒன்பது பேர். பதினொன்றும் ஒன்பதும் இருபது. தேவைக்கு நான்கு அதிகம். அவர்களுக்குத் தலைவர் ஓர்வல் நைகார்ட். எழுபத்தொன்பது வயது, வான்கோழிப் பண்ணைக்காரர். நார்வேயிலிருந்து பாட்டனார் கொண்டுவந்த மௌனத்தைச் செலவழிக்காமல் அப்படியே வைத்திருப்பவர். இரண்டு தடவை பேசிக் கெடுத்த பிறகு அந்த ஒன்பது பேர் முன்னால் போய் நிற்க ரோக்கோவுக்கு வெட்கமாக இருந்தது. கட்டுரைக் கட்டை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போனார்.

இந்தத் தடவை ஹாலோவேயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டொமினிக்கைப் பற்றிச் சொன்னார். போன மாதம் நெப்ராஸ்கா நெடுஞ்சாலையில் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு மயங்கிக் கிடந்ததைச் சொன்னார். நினைவு வந்ததும் அவன் முதலில் கேட்டது, "ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டாங்களா? வேண்டாம்னு சொல்லு, அந்த பில்லை யாரு கட்டறது" என்பதைச் சொன்னார். அடிக்குறிப்பு எதுவும் இல்லாமல் அவர் பேசி அந்த ஊர் பார்த்ததில்லை.

ஓர்வல் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "ம்," என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "யோசிச்சுப் பார்க்கறோம் புரொபசர்," என்றார். ஒன்பது பேரும் காபி மேசைக்கு அந்தப் பக்கமாகப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு வட்டமாக நின்றார்கள்.

யோசிக்கிறோம் என்றால் வரமாட்டார்கள் என்று ரோக்கோ அங்கேயே முடிவுகட்டினார். அப்பாவின் கடையில் அவர் பத்து வயதிலேயே படித்த பாடம் அது. தக்காளியையெல்லாம் அழுத்திப் பார்த்து, கத்தரிக்காயை முகர்ந்து பார்த்து, கடைசியில் 'யோசிச்சுட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போன எந்த அம்மாளும் இன்றுவரை திரும்பி வந்ததில்லை. வாங்கப்போகிறவள் சண்டை போடுவாள், கடைக்காரனின் வம்சத்தையே இழுப்பாள், இரண்டடி போய்த் திரும்பி வருவாள். யோசிக்கிறேன் என்பவள் போய்விட்டாள் என்று அர்த்தம். இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகியும், விலைச்சீட்டு ஒட்டிய சூப்பர் மார்க்கெட்டில் மட்டுமே சாமான் வாங்கியதால், இந்த ஊர்க்காரர்களிடம் பேரம் பேசும் சந்தர்ப்பம் அவருக்கு வாய்க்கவே இல்லை.

கூட்டத் தலைவி பெர்னிஸ் ஒலிபெருக்கியில் இருமினாள். ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது என்று அறிவித்தாள்.

போனது போகட்டும், இருக்கிற பதினொன்றுக்காவது நல்ல விலை கேட்போம் என்று ரோக்கோ கேரல் டீட்ஸிடம் போனார். பதினொரு பேரும் ஹாலோவே பக்கம் வருகிறோம். பதிலுக்கு எல்லோருக்கும் மருத்துவம் என்ற தீர்மானத்தை இன்றைக்கே வாசித்து நிறைவேற்ற வேண்டும் என்றார்.

"சரி," என்றார் கேரல்.

முதல் விலைக்கே எதிராளி தலையாட்டிவிட்டால் விற்றவன் குறைத்துக் கேட்டுவிட்டான் என்று அர்த்தம். ரோக்கோ உடனே விலையை ஏற்றினார். மாவட்ட மாநாட்டுக்குத் தன்னையும் ஒரு பிரதிநிதியாக அனுப்ப வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்.

"அதுவும் சரி. ஞாயித்துக்கிழமை நாள் முழுக்க உக்காரணும், எங்கள்ல யாருக்கும் போக இஷ்டமில்ல."

"ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக்க மாட்டோம்."

"அது மட்டும் முடியாது புரொபசர்," என்றார் கேரல் அன்பாக. "மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

தன் ஆட்களிடம் திரும்பி வந்து, வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே போய் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்று ரோக்கோ மூன்று நிமிஷம் பேசினார். அவர் குரல் அவருக்கே யாரோ செனட்டர் பேசுவது போலக் கேட்டது.

"உள்ள போறவன் எல்லாரும் இதைச் சொல்லிட்டுத்தான் போறான்," என்று சொல்லி நடீன் பின்னலைச் சுருட்டிப் பையில் போட்டாள். ஆனால் கூட வந்தாள். பதினொரு பேரும் வரிசையாக அரங்கைக் கடந்து போனபோது ஹாலோவே மூலை கைதட்டி வரவேற்றது. ட்ரூடி கட்டிக்கொண்டாள். கேரலே தன் கையால் ரோக்கோவின் ஸ்வெட்டரில் ஸ்டிக்கரை ஒட்டி, இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். விசில் ஊதினார்கள். கதவைச் சாத்தினார்கள்.

சொன்ன சொல் தவறாமல் கேரல் தீர்மானத்தை வாசிக்க வைத்தார். கூரை அதிர எல்லோரும் ஆமோதித்தார்கள். எல்லோரையும்விட உரக்க ஆமோதித்தவள் வெர்னா. ரோக்கோ ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்க்க, "நடக்கப்போறதில்லைன்னு நீங்கதான் எழுதிக் கொடுத்துட்டீங்களே சார், அப்புறம் கை தூக்கறதுக்கு என்ன?" என்றாள். பெர்னிஸ் தீர்மானத்தை மடித்து ஓர் உறையில் போட்டு, அந்த உறையை அதைவிடப் பெரிய உறையில் போட்டாள்.

பிறகு எண்ணிக்கையை வாசித்தாள். "ஹாலோவே, தொண்ணூத்தஞ்சு. பெல்க்ரேவ், ஒன்பது. செல்லாது."

ரோக்கோவுக்குத் தோல்வியைக்கூடத் தாங்கிக்கொள்ள முடியும். தப்பான தகவலைத் தாங்க முடியாது. மேசைக்குப் போய், அது கோரிகனுடைய ஒன்பது, பெல்க்ரேவுக்கு இப்போது ஒருத்தரும் கிடையாது, பெயர் மாறிவிட்டது, திருத்திக்கொள்ளுங்கள் என்றார். பெர்னிஸ் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, தான் நாற்பது வருஷமாகத் தலை எண்ணுவதாகவும், சந்தேகம் இருந்தால் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

போய்ப் பார்த்தார். அவருடைய பழைய மூலையில், அவருடைய காலி நாற்காலிகளுக்கு நடுவே, கோட்டும் தொப்பியுமாக ஒன்பது பேரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"இடம் மாறி நின்னுட்டீங்களா ஓர்வல்?"

ஓர்வல் கோட்டின் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தார். ரோக்கோவின் ஸ்வெட்டரில் இருந்த நீல ஸ்டிக்கரை எழுத்துக் கூட்டிப் படிப்பது போல ஒரு முறை பார்த்தார். அவர் குரலில் கோபம் துளிகூட இல்லை.

"இல்ல புரொபசர். யோசிச்சுப் பார்த்தோம். யாரு எப்படிப் போனாலும் இந்த ஊர்ல மாறாம நிக்கற ஆள் நீங்க ஒருத்தர்தான்னு முடிவு பண்ணி, ஒன்பது பேரும் உங்க மூலைக்கு வந்தோம், உங்களைத்தான் காணோம்."