சூரியன் மறைந்த பிறகு வீட்டில் ஆண் இல்லை

யார் எதைச் சொன்னாலும் சந்தேகப்படும் சுபாவம் எனக்கு. தண்ணீர் கலக்கவில்லை என்று பால்காரர் சத்தியம் செய்தால் கூடுதலாகச் சந்தேகப்படுவேன். நானே படித்துப் புரிந்துகொண்டதை மட்டும் ஒரே ஒரு முறை சந்தேகப்படாமல் விட்டேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். கருங்குழியில் இருந்தோம். மகளுக்கு இரண்டு வயது. கணவர் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். பணி நிரந்தர ஆணைக்குக் காத்திருந்தார். மாமனாரோ வயல் மோட்டாருக்கு வரும் இலவச மின்சாரத்தில் ஒரு வயரை இழுத்து, வீட்டோடு ஒட்டிய மாட்டுக் கொட்டகையில் பல்பு போட்டிருந்தார்.

"தெரியுமா உனுக்கு? டெல்லியில புதுச் சட்டம் போடறாங்களாம். மோட்டார் கரண்ட்ல லைட்டு எரிஞ்சா வூட்டு ஆம்பளைய இஸ்துகினு போயி ஜெயில்ல வெச்சிடுவாங்களாம்" என்றார் பக்கத்து வீட்டு கமலா அக்கா.

நம்புவேனா? செங்கல்பட்டு பிரவுசிங் சென்டரில் மசோதாவையே அச்செடுத்து வந்தேன். மடியில் குழந்தை, கையில் அகராதி. தண்டனைப் பகுதியை முதலில் படித்தேன். (பி.எஸ்ஸி. பரீட்சைக்கும் முக்கியமானதை மட்டும்தான் படித்தேன்.) மின் திருட்டுக்குச் சிறை என்று அச்சிலேயே இருந்தது. வழக்கு வந்தால் கணவரின் வேலை என்னாகும்?

பல்பைக் கழற்றச் சொன்னேன். "பத்து வருசமா எரியுது. பேப்பரப் பாத்து மாட்ட இருட்டுல கட்டச் சொல்றியா?" என்றார் மாமனார்.

மறுபடி படித்தேன். ஒரு வரி சிக்கியது. சூரியன் மறைந்தால் மறுநாள் உதிக்கும்வரை, அங்கே வசிக்கும் வயது வந்த ஆண் முன்னிலையில் அன்றி வீட்டைச் சோதனையிடக் கூடாது. ஆண் இல்லையேல் சோதனை இல்லை. சோதனை இல்லையேல் வழக்கும் இல்லை!

அன்றுமுதல் விளக்கு வைத்ததும் கணவரை ஜிஎஸ்டி ரோட்டு டீக்கடைக்கு விரட்டினேன். எட்டு மணிக்கு மேல் எந்த அதிகாரியும் வேலை செய்ய மாட்டார் என்பதால் அப்புறம் வரலாம். மாமனார் கொட்டகையை விட்டு அசையவில்லை. (கொட்டகை வீடாகாது என்று நானே தீர்ப்பளித்துக்கொண்டேன்.)

ஒருநாள் மழை. கணவர் போகவில்லை. பொழுது சாய்ந்ததும் வாசலில் பைக் சத்தம். "ஈபிலர்ந்து வரேன்!"

கணவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவரைப் பாத்ரூமுக்குள் தள்ளித் தாழ் போட்டேன்.

"சூரியன் மறைஞ்சிடுச்சு. வயசு வந்த ஆம்பளை யாரும் வீட்ல இல்ல. சட்டப்படி நீங்க உள்ள வரக் கூடாது" என்றேன்.

வந்த லைன்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா பேஜாரா கீது! வயர்ல பொறி பறக்குதுன்னு காலைல கம்ப்ளைன்ட் குட்த்ததே உங்க வூட்டுக்காருதான். நான் உள்ளயே வரல, கம்பத்துலயே பாக்கறேன்."

பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கம்பத்தில் இணைப்பைப் பிடுங்க, வீடு இருண்டது. பாத்ரூமிலிருந்து கம்பீரமாக ஒரு ஆண்குரல்:

"எல்லார் வூட்லயும் போச்சா, நம்ம வூட்ல மட்டுமா?"

"உங்க வூட்ல மட்டுந்தான் சார்!" என்று கம்பத்தின் மேலிருந்து பணிவாகப் பதில் வந்தது.

நான் தாழ் நீக்கியதும் வெளியே வந்த கணவர், மின்சாரம் திரும்பியதும் மசோதாவை வாங்கிப் படித்தார். "ராத்திரிக்குத்தான் ஆம்பளை வேணும்னு போட்டிருக்கு. பகல்ல?"

பகலுக்கு அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. அத்தனை நாளும் பகலெல்லாம் கதவைத் திறந்துபோட்டுவிட்டு மாலையில் மட்டும் அவரைக் கடத்தியிருக்கிறேன்.

கம்பத்திலிருந்து இறங்கிய லைன்மேன், கொட்டகையில் எரிந்த பல்பை எட்டிப் பார்த்தார். "அத கயட்டிடு பெர்சு. அந்தப் பேப்பரு இன்னும் சட்டம் ஆவல. ஆனா இப்பவே தப்புதான்."

நான் சொல்லிக் கேட்காத மாமனார் மறுபேச்சில்லாமல் கழற்றினார்.

பணி நிரந்தர ஆணை வந்தது. இன்றும் பொழுது சாய்ந்து காலிங் பெல் அடித்தால், கணவர் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பி என்னிடம் அனுமதி கேட்கிறார்:

"நான் இருக்கேனா, இல்லியா?"