கெலிஓயாவில் நான் பார்க்கக் கூடாத மணப்பெண்

அன்றைக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். கெலிஓயாவுக்குப் போய் ஒரு கலியாண வீட்டில் படம் பிடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் கண்டிக்குத் திரும்ப வேண்டும்.

நானும் என் மனைவி பிலோமினாவும் சேர்ந்துதான் படக்கடை நடத்துகிறோம். சேர்ந்து என்றால், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் பிடிப்பது நான். படம் விழும் கண்ணாடிப் பிளேட்டுகளை வெளிச்சம் புகாத சட்டத்தில் போடுவது, இருட்டறையில் கழுவுவது, காகிதத்தில் அச்செடுப்பது, மணப்பெண்ணின் சேலை மடிப்பைச் சரிபண்ணுவது, அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைப்பது, இதெல்லாம் அவள். ஊரில் எனக்குத்தான் போட்டோ மாஸ்டர் என்று பெயர். அந்தப் பெயரை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

அதுவரைக்கும் நாங்கள் பிடித்ததெல்லாம் கோயில் கலியாணங்கள். அம்பிட்டியப் பக்கம் சில, மடுல்கெல்லத் தோட்டங்களில் சில. கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருக்கும் காசிம் முதலாளி எங்கள் கடைப்படி ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. மூத்த மகளுக்குக் கலியாணம். மூன்றாம் நாளே பெண் மாப்பிள்ளையோடு மட்டக்களப்புக்குப் போகிறாள்.

"அவட உம்மா ஒரே அழுக, தம்பி. புள்ளட படம் ஒண்டு கைல ஈந்தா மனசு ஆறும்ங்கிறா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்டு செல்லணும். பொம்புளப் புள்ளய வெளி ஆம்புளயள் பாக்க ஏலா. படத்திலயும் ஏலா. நீங்களும்தான்."

நான் கையை விரிக்கப் போனேன். பின்னாலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது.

"நான் புடிக்கிறேன் முதலாளி. நானே கழுவி, நானே உம்மா கையில குடுக்கிறேன். இவரு கண்ணுல காட்டவே மாட்டேன்."

முதலாளி நிம்மதியாகத் தலையாட்டினார். எனக்கோ நம்பிக்கையில்லை. படம் பிடிப்பது என்ன, தோசை சுடுவதா? எனக்குத் தோசை சுடவும் தெரியாது, அது வேறு கதை.

எங்களிடம் இருப்பது ஒரே கமரா. ஆகவே காலையில் உள்வீட்டில் பெண், அது முடிந்ததும் வெளியே பந்தலில் மாப்பிள்ளை என்று ஏற்பாடு. பெண்ணுக்கு நாலு பிளேட், மாப்பிள்ளைக்கு நாலு பிளேட்.

இங்கே என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். படம் பிடித்த பிளேட்டும் பிடிக்காத பிளேட்டும் மூடிய சட்டத்துக்குள் இருக்கும்போது பார்வைக்கு ஒன்றுதான். அதனால் பிடிக்காததை வெள்ளைத் துணியில் சுற்றி வைப்பேன், பிடித்து முடித்ததைச் சிவப்புத் துணியில் சுற்றுவேன். துணி மாறினால் தொலைந்தோம். இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது பிலோமினாவுக்கு எடுத்துச் சொல்வேன். அவளும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பாள்.

கலியாண வீட்டில் கமராவையும் ஆளுக்குப் பின்னால் தொங்கவிடும் கறுப்புத் திரையையும் எடுத்துக்கொண்டு பிலோமினா உள்ளே போனாள். வாசற்கதவில் ஒரு திரைச்சீலை. அதற்கு இந்தப் பக்கம் ஒரு கதிரை போட்டு என்னை உட்கார வைத்தார்கள்.

உட்கார்ந்திருக்க முடியுமா?

"பிலோ, வெளிச்சம் பொண்ணுக்கு இடது பக்கத்துல இருந்து வரணும்" என்றேன்.

"சரிங்க."

"மூடியக் கழட்டிட்டு மூணு எண்ணு. நானே எண்றேன், நீ கழட்டு. ஒண்ணு... ரெண்டு..."

"அது எப்பவோ முடிஞ்சு போச்சு. நீங்க சும்மா எண்ணிக்கிட்டு இருங்க."

உள்ளே பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பொண்ண நடுவுல உக்கார வச்சியா? ஓரமா வச்சுப்புடாத. ஒனக்கு எப்பவுமே அந்தப் பழக்கம்."

"தங்கச்சி, அவரு எப்பவும் இப்பிடித்தானா?" என்று உள்ளே ஒரு அம்மா கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது.

"இன்னைக்குக் கொஞ்சம் கொறவு" என்றாள் பிலோமினா.

கொஞ்ச நேரத்தில் அவள் கமராவோடு வெளியே வந்து, சிவப்புத் துணிப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள்.

"நாலும் இதுல இருக்கு. தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்ட பெண்களோடு உள்ளே போய்விட்டாள்.

நான் பந்தலில் கமராவை நிறுத்தி, கறுப்புத் திரையைக் கட்டிப் பெட்டியைத் திறந்தேன். மாப்பிள்ளையின் மாமா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, ரெண்டு நிறத்துல பொட்டலம்?"

இப்படி ஒரு கேள்விக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? கண்டியில் ஒருவரும் கேட்டதில்லை. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நான் இரண்டு பொட்டலத்தையும் அவிழ்த்தேன். எட்டுச் சட்டத்தையும் மேசைமேல் வரிசையாக அடுக்கி, இது வெள்ளை, இது சிவப்பு, மாறினால் இன்ன கேடு என்று விளக்கமாகச் சொன்னேன். மாமா ஒரு சட்டத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். மாப்பிள்ளையின் வாப்பா இன்னொன்றைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்தார். எல்லாரும் "நல்ல மூள" என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திரும்ப நாலை வெள்ளையிலும் நாலைச் சிவப்பிலும் அழகாகச் சுற்றி வைத்தேன்.

எந்த நாலை எதில் சுற்றினேன் என்று கேட்கிறீர்களா? அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

மாப்பிள்ளை உட்கார்ந்து ஒன்று, நின்று ஒன்று, வாப்பாவோடு ஒன்று, மாமாமாரோடு ஒன்று. நாலும் அருமையாக அமைந்தன. பெண்ணின் சிவப்புப் பொட்டலத்தோடு கலந்துவிடக் கூடாதென்று மாப்பிள்ளையின் நாலையும் வெள்ளைத் துணியிலேயே சுற்றி வைத்தேன். வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

சாயங்காலம் பிலோமினா இருட்டறைக்குள் போனாள். பெண்ணின் படம் என்பதால் நான் வெளியே நின்றேன். சிவப்புத் துணி பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள்.

"என்னங்க" என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "நாலுலயும் ஒண்ணுமே விழல. வெறும் கண்ணாடி."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மனதுக்குள் ஓர் ஓரத்தில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் அன்று வெட்கப்படவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு ஆறுதல் சொல்லத் தொடங்கினேன்.

"விடு பிலோ. மொத தடவ எல்லாருக்கும் இப்பிடித்தான். மூடியக் கழட்ட மறந்திருப்ப. நானும் ஆரம்பத்துல மறந்திருக்கேன். இது பழகப் பழகத்தான் வரும். பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா நாள் எடுக்கும், அவ்வளவுதான்."

கால் மணி நேரம் ஆறுதல் சொன்னேன். அவள் வெள்ளைத் துணி பிளேட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திடீரென்று தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"இன்னைக்கு மத்தியானம் அந்தத் துணியெல்லாம் யாரு அவுத்தது?"

"ஏன்?"

"மாப்பிள்ள மடியில பொண்ணு உக்காந்திருக்கு."

சாய்ந்திருந்த கதவைவிட்டு நிமிர்ந்தேன்.

"இன்னொண்ணுல மாமாமாருக்கு நடுவுல பொண்ணு இருக்கு" என்றாள். "ஒரு மாமாவோட தாடி அவ காதுல தொங்குது."

பெண்ணைப் பிடித்த பிளேட்டுகளிலேயே நான் மாப்பிள்ளையையும் பிடித்துவிட்டேன். கறுப்புத் திரைக்கு முன்னால் பிடித்ததால் இரண்டு படமும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒரே கண்ணாடியில் விழுந்திருக்கின்றன. வெளி ஆண் எவன் கண்ணிலும் படக் கூடாத பெண்ணைக் கொண்டுபோய்ப் பந்தலில் உட்கார வைத்துவிட்டேன். பெண் மட்டக்களப்புக்குப் புறப்படுமுன் அந்தத் தாய்க்கு ஒரு படம் பிடித்துக் கொடுக்க இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் எந்த வீட்டிலும் எங்களைப் படியேற விடமாட்டார்கள். அன்றிரவு இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கமராவும் புதுப் பிளேட்டுகளும் அந்தக் கெட்டுப்போன நாலு பிளேட்டுகளுமாகக் கெலிஓயா பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம்.

"கப்பல்ல வரும்போது பிளேட் சூட்டுல பழுதாப் போச்சுன்னு சொல்லிரலாம்" என்றேன்.

"நீங்க வெளிய என்ன சொன்னாலும் சொல்லிக்குங்க. நான் உள்ள போயி நடந்தத அப்பிடியே சொல்லப் போறேன். அந்தம்மா கையில பொய்யக் குடுக்க மாட்டேன்."

"அப்ப நானும் உண்மையத்தான் சொல்லுவேன்" என்றேன். ஆனால் காசிம் முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகக் கப்பலுக்குப் போய்விட்டது. அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது, வழியில் என்ன வெயில் அடித்தது என்பதுவரை சொல்லிவிட்டேன். முதலாளி உச்சுக்கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது உள்ளே ஒரு சிரிப்பு வெடித்தது. ஒருத்தி தொடங்கி, பிறகு எல்லாரும் சேர்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்கள். முதலாளி எழுந்து உள்ளே போனார். பிறகு அம்மிக் கல்லில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நான் ஒவ்வொன்றுக்கும் துள்ளினேன்.

நாலாவது உடையவில்லை.

முதலாளி திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க கப்பல் கத சென்னீங்க. உள்ளுக்கு வேற கத ஒண்டு போகுதே."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூண்ட உங்கட பொஞ்சாதியே ஒடச்சிட்டாங்க. மத்ததுல மகள் ஒரு ஓரமா உக்காந்திருக்கா, மாப்புள மத்த ஓரத்துல நிக்கிறாரு. ரெண்டு பேரும் ஒண்டா நிண்டு புடிச்ச மாதிரியே ஈக்கி." கொஞ்சம் நிறுத்தினார். "நாங்க அப்பிடி ஒண்டா நிறுத்திப் படம் புடிக்க உடுவோமா? உடமாட்டோம். மகள் அத நெஞ்சோட புடிச்சிக்கிட்டு குடுக்க மாட்டாளாம். அவட உம்மா அழுது சிரிக்கிறா. நான் என்ன செய்ய?"

அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அந்தப் படத்தைப் பாதி பிடித்தவன் நான். இன்றுவரைக்கும் அதை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது.

பிலோமினா உள்ளே உம்மாவுக்காகப் பெண்ணைத் தனியாகப் புதிதாக நாலு படம் பிடித்தாள். நான் அந்தக் கதிரையில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புறப்படும்போது முதலாளி சொன்னார்: "மூண்டு மாசத்துல ரெண்டாவது மகள்ட கலியாணம். அதுக்கும் கட்டாயம் வரோணும்."

எனக்கு உயிர் வந்தது. "கண்டிப்பா வர்றேன் முதலாளி" என்றேன்.

"நான் அவங்களச் சென்னேன்" என்று பிலோமினாவைக் காட்டினார். பிறகு கமராப் பெட்டியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பாவம் பார்த்திருக்க வேண்டும்.

"பெட்டி பாரம்தான். தூக்கிக்கிட்டு நீங்களும் வாங்க, தம்பி. ஆனா வாயத் தொறந்து கதைக்கப்படாது."