ஏழாம் மாடியில் வளர்ந்த பாம்பு

புஜைரா,
சனிக்கிழமை சாயங்காலம்.

பிரியமுள்ள டெல்சி அக்காவுக்கு,

உன் தங்கை அற்புதராணி எழுதுகிறேன். ஆண்டவர் தயவால் எனக்குக் கை கால் சுகம். குளச்சலில் உனக்கும் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தச் சுகம் குறையாதிருக்க ஜெபம் பண்ணுகிறேன். போன் இருக்க இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ முழிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "நான் அன்னைக்கே சொன்னேன் இல்லியா" என்று ஆரம்பித்துவிடுவாய். காகிதத்துக்கு நடுவில் புகுந்து பேச முடியாது, கேட்டியா. நம்மூர் பெனோ லீவில் வருகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த டீச்சர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிடப் போகிறேன். உன் மாடியில் இருக்கிற வாடகைக்காரரிடம் இப்போதே சொல்லி வை.

நடந்தது இதுதான். வருகிற வியாழக்கிழமை எங்கள் ஸ்கூலில் ஓப்பன் டே. பிரின்சிபால் ரக்ஷிதா மேடம் எங்களைக் கூப்பிட்டு, வருகிற பெற்றோர் தானாகப் போனை எடுத்து வீடியோ பிடிக்கிற மாதிரி ஆளுக்கொன்று காட்ட வேண்டும் என்றார். பிசிக்ஸ் பாஸ்கர் சார் ரோபோவை ஆடவிடப் போகிறார். கெமிஸ்ட்ரிக்கு என்ன என்று நான் கேட்டதற்கு, உங்கள் இஷ்டம், ஆனால் தீ வேண்டாம், புகை வேண்டாம், நாற்றம் வேண்டாம், தரையில் கறை வேண்டாம் என்றார். எக்கா, அதெல்லாம் போனால் கெமிஸ்ட்ரியில் மிஞ்சுவது போர்டும் மார்க்கரும்தான். அதோடு என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உனக்குத் தெரியாது. எதைச் செய்துகாட்டினாலும் "மேம், இத யூடியூப்ல பாத்தாச்சு" என்று கொட்டாவி விடும். ஒரே ஒரு தரமாவது அதுகள் வாயைப் பிளந்து பார்க்க வேண்டும் என்கிற வீம்பு எனக்கு. அதனால் மூன்று சோதனைகளைக் குறித்துக்கொண்டு, எது கண்ணைப் பறிக்கிறது என்று வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம் என்று இன்று காலை முடியை அள்ளிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் ஊதா முட்டைக்கோஸ். அதை அவித்த தண்ணீரை ஏழு கிளாசில் ஊற்றி, ஒன்றில் வினிகர், ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் சோடா மாவு என்று கூட்டிக் குறைத்துப் போட்டால் ரோஸ், நீலம், பச்சை என்று ஏழும் ஏழு நிறம். என்ன அழகு தெரியுமா! யாரிடமாவது காட்டியே தீர வேண்டும் என்று ஓமானில், ரூவியில் டியூட்டியில் இருந்த எங்கள் வீட்டுக்காரருக்கு வீடியோ போட்டேன். இவர் பார்த்துவிட்டு, "சர்பத்தா? வீட்டுக்கு யாரு வந்திருக்கா ராணி?" என்று கேட்டார். இந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள், எக்கா? அதற்குள் சூப்பர்வைசர் கூப்பிட்டு இவரும் போய்விட்டார். அடுத்தது யானைப் பற்பசை. நுரை பீறிட்டுக் கூரையைத் தொடும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். பார்மசியில் கிடைத்த பெராக்சைடு மருந்து தண்ணியாக இருந்ததோ என்னவோ, வந்த நுரை எலிக்குட்டி பல் தேய்க்கக்கூடக் காணாது.

மூன்றாவதுதான் பாம்பு. தீபாவளிக்குக் கொளுத்துவார்களே பாம்பு மாத்திரை, அதன் பெரியம்மா என்று வைத்துக்கொள். மணல் மேல் சீனியும் சோடா மாவும் குவித்து ஸ்பிரிட் விட்டுக் கொளுத்த வேண்டும். இந்த ஊரில் மணலுக்கா பஞ்சம்? தீ கூடாது என்றார்களே என்று கேட்காதே, பாம்பை நேரில் பார்த்தால் மேடம் மனம் மாறுவார் என்று ஒரு நம்பிக்கை. கருவாடு பொரிக்கிற நாளில் செய்கிறதுபோல, கூரையில் இருக்கிற புகை அலாரத்துக்கு ஷவர் தொப்பியை மாட்டிவிட்டுக் கொளுத்தினேன். எக்கா, கரேலென்று ஒன்று தலை தூக்கி, நெளிந்து, டிரேயைத் தாண்டி வளர்ந்தது பார், நான் கை தட்டிச் சிரித்துவிட்டேன். வீட்டில் என் கைத்தட்டல் ஒன்றுதான் கேட்டது. அப்புறம்தான் புகையைக் கவனித்தேன். அது போகட்டும் என்று வாசல் கதவைத் திறந்துவிட்டேனா, வராந்தாவில் இருக்கிற அலாரத்துக்கு யார் தொப்பி மாட்டினார்கள்? மொத்தக் கட்டிடமும் அலறியது. வாட்ச்மேன் லுக்மான் "யல்லா, நீச்சே, நீச்சே! லிஃப்ட் மாஃபி!" என்று, லிஃப்ட் கிடையாது, படியில் கீழே ஓடு என்று கத்திக்கொண்டே கதவு கதவாக இடிக்கிறான். செய்துகொண்டிருக்கிற சோதனையைப் பாதியில் விட்டுப் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கும் ஊறிவிட்டது போல. இரண்டு கையிலும் பிடிதுணி, அதில் டிரே, டிரேயில் பாம்பு, நைட்டியோடு ஏழு மாடி இறங்கிவிட்டேன்.

கார் பார்க்கில் அத்தனை குடும்பமும் நிற்கிறது. தீயணைப்பு வண்டி வந்து, ஒரு அரபி இளைஞர் என் டிரேயை எட்டிப் பார்த்து "வாட் இஸ் திஸ்?" என்றார். "கெமிஸ்ட்ரி, சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். பிள்ளைகளெல்லாம் சுற்றிக்கொண்டன. அப்போது தலையில் தட்டம் போட்ட ஒரு அம்மா வந்து, "நீங்க தமிழா? எந்த மாடி, எந்தக் கதவு?" என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்குப் பக்கத்துக் கதவா? அது ஆளில்லாத வீடுன்னுல்ல நெனச்சிட்டிருக்கோம்!" காயல்பட்டினத்து அஸ்மத் பீவி, பக்கத்துச் சுவர்.

எக்கா, எனக்கு அலாரமும் பெரிதில்லை, லுக்மான் திட்டினதும் பெரிதில்லை. இரண்டு வருஷமாக அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் சமைக்கிறேன், பாத்திரம் உருட்டுகிறேன், தனியாகப் பேசிக்கொள்ளவும் செய்கிறேன். அதை ஆளில்லாத வீடு என்கிறார்கள். இவர் மாதத்துக்கு ஒரு தரம் பார்டர் தாண்டி வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போகிறார். பிள்ளை குட்டியும் இல்லை. இதற்கு மேல் இந்தத் தனிமை எனக்கு முடியாது, அழுகையாக வருகிறது. அதுதான் முடிவெடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மேடத்திடம் சொல்லிவிடுவேன்.

அத்தானுக்கு என் தோத்திரம் சொல்லு. பிள்ளைகளுக்கு என் முத்தம். மாதா உங்கள் எல்லாரையும் காப்பாளாக.

உன் தங்கை,
அற்புதராணி

பி.கு: எக்கா, மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். வாடகைக்காரரைக் காலி பண்ணச் சொல்லாதே. கவரை ஒட்டிவிட்டுக் காத்திருந்தால் கதவு தட்டுகிற சத்தம். பெனோ என்று திறந்தேன். அஸ்மத் பீவி, கையில் இனிப்பு வட்டிலப்பம், பின்னால் கார் பார்க்கில் நின்ற பிள்ளைகள் அத்தனையும். "டீச்சர், பாம்பக் காட்டு காட்டுன்னு இதுக எங்கள உயிரோட விடாதுங்க போல. நீங்களே பாத்துக்கோங்க" என்று உள்ளே தள்ளிவிட்டார். பாம்பு என்றால் கீழே மணலில்தான், லுக்மான் தண்ணீர் வாளியோடு நின்றால்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதில் ஒரு குட்டி என் நைட்டியைப் பிடித்து இழுத்து, "ஆன்ட்டி, நாளைக்கும் இங்க இருப்பீங்களா?" என்று கேட்டது. இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு எப்படி வர? பெனோ திரும்பி வரும்போது பெரிய பாயாக இரண்டு கொடுத்து விடு. எல்லாரும் வெறும் தரையில் இருக்கிறார்கள். இந்த வீட்டுக்கு நான் வாங்கினது ஒரே ஒரு நாற்காலி.